இலந்தை வடையும் இரண்டு சரஸ்வதிகளும்

புதிய ஊரில் சிநேகிதர்களைச் சம்பாதிக்க நினைப்பவனுக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து விளையாடத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் வராதவன் தின்பண்டம் கொண்டுபோகலாம். மூன்றாவதுதான் ஆபத்தில்லாத வழி என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். இப்போது என் பிள்ளைகளிடம், "பந்து விளையாடுங்க, கால் ஒடிஞ்சாலும் பரவாயில்லை" என்றுதான் சொல்கிறேன்.

திருநெல்வேலியில் மெட்ரிகுலேஷன் தேறியதும் என்னைக் கல்கத்தாவில் அக்கா வீட்டுக்கு ரயிலேற்றி விட்டார்கள். அத்தானுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா உத்தியோகம். வீடு பவானிபூரில். பக்கத்திலேயே இருந்த கல்லூரியில் என்னைச் சேர்த்துவிட்டு, "நாலு பேரோட பழகுடே. மூலையில உக்காந்து திரும்பி வந்திராத" என்றார் அத்தான்.

பழக நான் தயாராகத்தான் இருந்தேன். நாலு பேர்தான் கிடைக்கவில்லை. பந்தாட்டக் கோஷ்டியில் சேர்ந்தேன். மற்றவர்களின் சட்டைகளை வைத்துக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். (சட்டை ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. அதை யாரும் பாராட்டவும் இல்லை.) விவாத சங்கத்தில் எழுந்து "தலைவர் அவர்களே" என்று கம்பீரமாக ஆரம்பித்தேன். அதற்குமேல் ஒன்றும் வராததால் அதே கம்பீரத்தோடு உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்காரும் பிமல் மட்டும் எப்போதாவது பேசுவான். அதுவும், "மத்ராஸில் குழந்தைக்குப் பாலிலேயே மிளகாய் போடுவீர்களாமே?" என்று கேட்பதற்காகத்தான்.

மார்கழியில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அம்மா கொடுத்தனுப்பிய பெரிய தகர டப்பாவைக் கொண்டுவந்து சேர்த்தார். உள்ளே இலந்தை வடை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வடை என்று பெயர்தானே ஒழிய அது எண்ணெய்ச் சட்டியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. இலந்தைப் பழத்தோடு வற்றல் மிளகாய், வெல்லம், புளி, உப்பு, பெருங்காயம் எல்லாம் சேர்த்துக் கொட்டையோடு உரலில் போட்டு இடித்து, தட்டி, வெயிலில் காயவைத்தது. பார்ப்பதற்குச் சின்ன வறட்டி மாதிரி இருக்கும். வாயில் போட்டால் விட முடியாது.

டப்பாவோடு கல்லூரிக்குப் போனேன். முதலில் பிமல் தின்றான். கண்ணில் தண்ணீர் வந்தது, கையை மறுபடி நீட்டினான். மத்தியானத்துக்குள் வகுப்பே என்னைச் சுற்றி நின்றது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவன்தான் ஹரிபதோ.

ஹரிபதோ முதல் வருஷத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவையும் தவறினால் கல்லூரி கிடையாது, சித்தப்பாவின் சணல் மண்டியில் உட்கார வேண்டியதுதான் என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். அதைப் பற்றி அவன் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தை மாதத்தில் மாணவர்கள் நடத்தும் சரஸ்வதி பூஜைக்கு அவன்தான் காரியதரிசி. அந்த உத்தியோகத்துக்கு முன்னால் பிரின்சிபால் உத்தியோகம் கால் தூசு.

"ஆரே ஷொங்கோர், இது என்ன?" என்றான், இரண்டை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு. (சங்கரலிங்கத்தில் அவர்களுக்கு உச்சரிக்க வந்தது அவ்வளவுதான்.)

"வடை. அம்மா செய்தது."

"புளியா?"

"புளியும் உண்டு" என்றேன். அந்தப் பதிலில் பொய் என்று ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

டப்பா காலியாவதற்குள் நான் வகுப்பில் முக்கியப் புள்ளியாகிவிட்டேன். அதிகமாகத் தின்றவன் ஹரிபதோ. அந்த நன்றியில் என்னைப் பூஜைக் கமிட்டியில் சேர்த்து, பழங்களுக்குப் பொறுப்பாளனாக்கினான். அன்று அக்கா வீட்டுக்குள் நான் நடந்து வந்த நடையைப் பார்த்து, "என்னல, லாட் துரை ஆயிட்டியா?" என்று கேட்டாள் அக்கா.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு இலந்தை மரம் இருந்தது. கொள்ளாமல் காய்த்துப் பழுத்துக் கீழே உதிர்ந்து கிடக்கும். ஒரு பயல் குனிந்து பொறுக்க மாட்டான். பாவம், இவர்களுக்கு நல்லது கெட்டது தெரியவில்லை என்று நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேன். கமிட்டிக் கூட்டம் அந்த மரத்தடியில்தான் நடந்தது.

பழப் பொறுப்பாளன் என்ற முறையில் நான் எழுந்தேன். இந்தத் தடவை தலைவர் அவர்களைத் தாண்டியும் பேச்சு வந்தது. "வங்காளத்துச் சகோதரர்களே! இவ்வளவு அருமையான பழத்தை வீணாக்குகிறீர்களே! இரண்டு வாரமாக நீங்கள் கண்ணீர் விட்டுத் தின்றது எதை என்று நினைத்தீர்கள்? இதைத்தான்!" என்று கையை உயர்த்தி மரத்தைக் காட்டினேன்.

கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு பழம் உதிர்ந்து விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

பிமல் எழுந்துபோய் வேலியோரம் துப்பினான். போன வாரம் தின்றதை இன்றைக்குத் துப்பி என்ன பிரயோஜனம் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஹரிபதோவின் முகம் வெளிறிப்போயிருந்தது. பிறகு ஒருவன்தான் எனக்கு விளக்கினான். அவர்கள் பாஷையில் அந்தப் பழம் குல். தை மாதப் பூஜையில் சரஸ்வதிக்குப் படைப்பதற்கு முன்னால் எந்த மாணவனும் குல்லைத் தொட மாட்டான். தின்றால் பரீட்சையில் தவறுவது நிச்சயம். வங்காளத்தில் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

"என்னை மண்டிக்கு அனுப்பிவிட்டாய்" என்றான் ஹரிபதோ. அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகத்தான் சொன்னான்.

வழக்கு, பூஜை செய்யும் புரோகிதரிடம் போனது. அவர் கண்ணை மூடி யோசித்தார். "உங்களுக்கு விதி தெரியும், பழம் தெரியாது. இந்த மத்ராஸிப் பையனுக்குப் பழம் தெரியும், விதி தெரியாது. தேவிக்கு இரண்டு பக்கமும் தெரியும்" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். அது தண்டனையா மன்னிப்பா என்று ஒருவருக்கும் புரியவில்லை. புரியாததால் பயம் இரண்டு மடங்கானது.

வீட்டில் சொன்னேன். "சவத்த மூதி! ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் சாமிக்கு முந்தி ஊட்டிவிட்டுட்டு வந்து நிக்கான் பாருங்க!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தான் மட்டும் நிதானமாக இருந்தார்.

"அவங்களுக்குத்தான பூசை இனிமே. நம்மளுக்கு நவராத்திரியிலயே முடிஞ்சு போச்சுலா? ஒன் புஸ்தகத்தை அடுக்கி வச்சு, பொட்டு வச்சு, சுண்டல் தின்னாச்சு. நீ எப்ப வேணும்னாலும் இலந்தை திங்கலாம். ஒன்ன ஒண்ணும் செய்யாது."

ஆஹா, எப்பேர்ப்பட்ட நியாயம்! பாரம் இறங்கியது. ஹரிபதோவை நினைத்தால் மட்டும் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவனிடம் போய், "எனக்கு நவராத்திரியிலேயே பூஜை முடிந்துவிட்டது, அதனால் எனக்குப் பயமில்லை. உங்களுக்காகத்தான் வருத்தப்படுகிறேன்" என்றேன். இதைவிட ஆறுதலாக ஒருவனிடம் பேச முடியாது என்பது அப்போது என் எண்ணம்.

பழப் பொறுப்பு பறிபோனது. அதற்குப் பதிலாகச் செருப்புப் பொறுப்பு கொடுத்தார்கள். பூஜையன்று வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு உள்ளே பார்த்தேன். கையில் பூவை வைத்துக்கொண்டு வகுப்பே விசும்பிக்கொண்டிருந்தது. ஹரிபதோ விழுந்து கும்பிட்டவன் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் அந்தக் கல்லூரி அதுவரை காணாத காட்சியைக் கண்டது. எல்லாரும் படித்தார்கள். பந்து மைதானத்தில் புல் முளைத்தது. விவாத சங்கத்தில் விவாதிக்க ஆளில்லை. ஹரிபதோ நடக்கும்போதும் படித்தான், ஒரு நாள் படித்துக்கொண்டே டிராம் கம்பத்தில் மோதி அதனிடம் மன்னிப்பும் கேட்டான். கடைசி வரிசைப் பையன்கள் சந்தேகம் கேட்டதில் ஒரு வாத்தியாருக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது.

நான் மட்டும் அமைதியாக இருந்தேன். எனக்கென்ன பயம்? சாயங்காலங்களில் கிடர்பூருக்குப் போய்க் கப்பல் வருவதையும் போவதையும் பார்த்தேன். அந்தத் துறைமுகத்துக் கப்பல்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். வேறு எதுவும் மனப்பாடம் இல்லை.

பரீட்சை முடிந்து, தேறியவர்களின் பெயர்களைப் பலகையில் ஒட்டினார்கள். பிமல் தேறினான். வாரக்கணக்கில் வடை தின்றவர்கள் எல்லாரும் தேறினார்கள். ஹரிபதோ தன் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், பிறகு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். மண்டிக்குப் போகவேண்டியதில்லை! எனக்கும் அழுகை வந்துவிட்டது. "உன் பெயர் எங்கே?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேடினான். மேலிருந்து கீழே தேடினான். கீழிருந்து மேலே தேடினான்.

இல்லை. தர்க்க சாஸ்திரத்தில் போய்விட்டது.

அவன் என் தோளில் கையைப் போட்டான். "ஷொங்கோர், நவராத்திரியில் புத்தகத்தை அடுக்கி வைத்தேன் என்றாயே."

"ஆமாம்."

"அதற்கப்புறம் அதைத் திறந்தாயா?"

நான் யோசித்துப் பார்த்தேன். பொட்டு வைத்தது ஞாபகம் இருந்தது. சுண்டல் ஞாபகம் இருந்தது.

ஹரிபதோ மேல் வகுப்புக்குப் போனான், அவன் விட்டுப்போன பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். இப்போது அவன் பெயர்பெற்ற வக்கீல். நானும் இதே பவானிபூரில் குடியும் குடித்தனமுமாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு சரஸ்வதி பூஜையும் உண்டு, இரண்டுக்கும் முன்னால் இலந்தை கிடையாது. என் மனைவியிடம் யாராவது சாக்குப்போக்குச் சொன்னால், "இது எந்தச் சரஸ்வதி?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

தை மாதப் பூஜை முடிந்த சாயங்காலம் ஹரிபதோ வருஷம் தவறாமல் வருவான். ஊரிலிருந்து வந்த டப்பாவை எடுத்து வைப்போம். கோட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வடை தின்பான். என் பிள்ளைகள் வேறு வேலையே இல்லாமல் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். கடைசித் துண்டை விழுங்கியதும் என் பக்கம் திரும்பி, கோர்ட்டில் சாட்சியை விசாரிக்கிற குரலில் கேட்பான்:

"ஷொங்கோர், அதற்கப்புறம் திறந்தாயா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லே!" என்று அத்தனையும் கூவும். இந்த வருஷம் எங்கள் கடைக்குட்டியும் சேர்ந்துகொண்டது. அதற்கு இன்னும் கதையே தெரியாது. எல்லாரையும்விட உரக்கக் கூவியது அதுதான்.