பத்தாவது ஆள்

காலை பத்து மணிக்கு வகுப்பில் நாலு பேர் இருந்தார்கள். பத்தேகாலுக்கு மறுபடி எண்ணிப் பார்த்தபோது மூன்று பேர்தான் இருந்தார்கள்.

"நாலாவது ஆள் எங்கப்பா?" என்றார் பேரிடர் சார்.

"அவனுக்கு வேற யுனிவர்சிட்டில எம்.பி.ஏ. கிடைச்சிருச்சாம் சார். இப்பதான் போன் வந்துச்சு. உங்ககிட்ட சொல்லிடச் சொல்லிட்டு ஓடிட்டான்," என்றாள் முதல் பெஞ்சுப் பெண்.

பேரிடர் சாருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. இந்த ஆண்டு மூன்று புதிய முதுகலைப் படிப்புகள் தொடங்கப்போவதாகப் பல்கலைக்கழகம் ஊரெல்லாம் பலகை வைத்திருந்தது. அருங்காட்சியகவியல், மொழித் தொழில்நுட்பம், பேரிடர் மேலாண்மை. முதலாவதில் ஈ, காக்கைகூடச் சேரவில்லை. இரண்டாவதில் ஒருவர் சேர்ந்தார். தனியாக உட்காரப் பயமாக இருக்கிறதென்று அவரும் போய்விட்டார். மிச்சமிருந்த பேரிடர் இவர் தலையில் விழுந்தது. பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

ஒன்பது வருஷமாக அவர் தற்காலிக விரிவுரையாளர். ஒவ்வொரு வருஷமும் நீட்டிப்பு ஆணை கைக்கு வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவார். இந்த முறை பதிவாளர் அவரைக் கூப்பிட்டு விஷயத்தைத் தேங்காய் உடைத்த மாதிரி சொல்லிவிட்டார்.

"ஆய்வுக் குழு வர்றன்னைக்கு கிளாஸ்ல பத்துப் பேர் இருக்கணும். படிப்புக்கு அங்கீகாரம் கிடைச்சா உங்க வேலை நிரந்தரம். கிடைக்கலைன்னா நீட்டிப்பும் கிடையாது. தப்பா எடுத்துக்காதீங்க."

குழு பதினொரு மணிக்கு வருகிறது. பேரிடர் சார் வராந்தாவுக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டார்.

"உடனே கிளம்பி வா. உன் தம்பியையும் கூட்டிட்டு வா."

"என்னங்க ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கிளாஸ்ல உக்காரணும். ஒரு மணி நேரம்தான். ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்குங்க."

"அம்மா வீட்டுல தனியா இருப்பாங்களே?"

"அத்தையையும் கூட்டிட்டு வா!"

போனை வைத்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. ஆனால் விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் ஆறு. இன்னும் நாலு பேர் வேண்டும். மாமியாரைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

நூலக உதவியாளர் கேட்டதும் வந்துவிட்டார். அவருக்கு உட்காருவது புதிதல்ல. கேன்டீன் மாஸ்டர்தான் முரண்டு பிடித்தார்.

"சார், குழுவுக்கு டீ போட்டு வைக்கணும்னு பதிவாளர் சொல்லியிருக்காரு."

"டீயை அப்புறம் போட்டுக்கலாம். முதல்ல வந்து படிங்க."

எலக்ட்ரீஷியன் ஜெனரேட்டர் அறையில் இருந்தார். "ஸ்விட்ச் தகராறு பண்ணுது சார். இன்னைக்குப் பூரா இதை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு."

"இப்போ கரண்டு இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"இருக்கறப்போ உங்களுக்கு இங்க என்ன வேலை? வாங்க!"

பத்தாவதாக, கேட் வாசலில் நின்றுகொண்டிருந்த அலுவலக உதவியாளரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அவர் எதற்காக வாசலில் நின்றுகொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.

பதினொன்றே காலாகியும் குழு வரவில்லை. பேரிடர் சார் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். நடக்கிற ஒவ்வொரு தடவையும் தலைகளை எண்ணினார். மாமியார் முதல் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, பின்னாடி உக்காரக் கூடாதா?"

"அங்கிருந்து போர்டு தெரியல மாப்பிள்ளை."

"மாப்பிள்ளைன்னு கூப்பிடாதீங்க அத்தை. சார்னு கூப்பிடுங்க."

"அப்ப நீங்களும் என்னை அத்தைன்னு கூப்பிடாதீங்க."

பதினொன்றரைக்குக் குழு வந்தது. தலைவி அம்மையாருக்கு மூச்சு வாங்கியது. அவருக்குப் பின்னால் குறிப்பேடும் கையுமாக ஓர் ஒல்லி உறுப்பினர். கடைசியாக, மூவரின் பைகளையும் தானே சுமந்துகொண்டு, சாம்பல் நிறக் கோட்டு போட்ட இன்னோர் உறுப்பினர். கோட்டு தோளில் இறுக்கிப் பிடித்தது. கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. பெரிய படிப்பாளிகள் உடுப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்று பேரிடர் சார் நினைத்துக்கொண்டார்.

"கேட்ல எங்களைக் கூட்டிட்டு வர ஒரு ஆள் நிப்பார்னு சொன்னீங்க," என்றார் தலைவி. "யாரும் இல்ல. நாங்களே தேடிக்கிட்டு மூணு மாடி ஏறினோம். அது விலங்கியல் துறை. ஒரு எலும்புக்கூடுதான் எங்களை வரவேற்றுச்சு."

மூன்றாவது வரிசையில் அலுவலக உதவியாளர் நோட்டுக்குள் முகத்தைப் புதைத்தார்.

தலைவி வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை முதல் பெஞ்சில் வந்து நின்றது. "இவங்க?"

"மாணவி மேடம்."

"ஏம்மா, படிக்கறதுக்கு வயசு வரம்பு ஏதாவது இருக்கா?" என்றார் மாமியார்.

"இல்லையே," என்று தலைவி கொஞ்சம் பின்வாங்கினார். "சரி, நீங்களே சொல்லுங்க. வெள்ளம் வருதுன்னு வெச்சுக்குவோம். முதல்ல என்ன பண்ணுவீங்க?"

உண்மையான மாணவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் இரண்டாம் பருவத்தில்தான் வருகிறது.

"மெயின் ஸ்விட்சை அணைக்கணும்," என்றார் மாமியார். "பத்திரம், சர்டிபிகேட்டெல்லாம் பிளாஸ்டிக் பையில சுத்தி உசரமான இடத்துல வைக்கணும். குடிக்கத் தண்ணி பிடிச்சு வைக்கணும். அப்புறம் மாப்பிள்ளை எங்க நிக்கிறாருன்னு பாக்கணும்."

"மாப்பிள்ளையா?"

"ஆமா. மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டு அவர் இருட்டுல நிப்பாரு."

வகுப்பே சிரித்தது. அவருடைய மனைவிதான் அதிகம் சிரித்தாள். பேரிடர் சாரும் சிரித்து வைத்தார். கோட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், மாமியார் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் பேரிடர் சார் அவர் பக்கம் இரண்டடி நகர்ந்தார்.

"ஐயா எதுவும் கேக்கலையே?" என்றார், அவரைக் குளிர்விக்கும் எண்ணத்தில்.

கோட்டுக்காரர் தலைவியைப் பார்த்தார். தலைவி ஏனோ அவசரமாக இருமினார். கோட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"வெள்ளம் வந்தா ஆளுங்களை ஏத்திட்டுப் போகப் பெரிய வண்டி வரும். உங்க கேட்டுக்குள்ள வந்து அது திரும்ப இடம் இருக்கா?"

பேரிடர் சார் ஆடிப் போனார். நாலு மாதம் உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதியிருக்கிறார். இப்படி ஒரு கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. "அளந்து சொல்றேங்கய்யா," என்றார். குழுவில் பயப்பட வேண்டிய ஆள் இவர்தான் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார்.

அப்போதுதான் கரண்டு போயிற்று. மின்விசிறி நின்றது. சுவர்த் திரையில் பாடத்துக்காக ஓடிக்கொண்டிருந்த புயல் படம் பாதியில் மறைந்தது.

"ஜெனரேட்டர் இல்லையா? எலக்ட்ரீஷியன் எங்க?" என்றார் தலைவி.

"வந்துடுவார் மேடம்," என்றார் பேரிடர் சார், இரண்டாவது வரிசையைப் பார்க்காமல்.

இரண்டாவது வரிசைக்குப் பொறுக்கவில்லை. "சார், இப்ப போகலைன்னா மெஷினே போயிடும்!" என்று எழுந்து எலக்ட்ரீஷியன் ஒரே ஓட்டமாக ஓடினார். இரண்டு நிமிஷத்தில் விளக்கெரிந்தது.

"செய்முறைப் பயிற்சி மேடம்!" என்றார் பேரிடர் சார். வாய் தானாகப் பேசியது. "எங்க மாணவர்களை எதுக்கும் தயாரா வெச்சிருக்கோம்."

ஒல்லி உறுப்பினர் அதை எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, "ஒரு டீ கிடைக்குமா?" என்றார் பொதுவாக.

"எத்தனை சார்? சர்க்கரை போட்டா, போடாமலா?" என்று கடைசி வரிசையில் கேன்டீன் மாஸ்டர் எழுந்து நின்றார்.

எல்லாத் தலைகளும் திரும்பின.

"நிவாரண முகாம் சமையல் மேடம்! அதுவும் பாடத்திட்டத்துல இருக்கு. எல்லாருமே நல்ல பட்டதாரிகள், சும்மா சொல்லக் கூடாது!"

சும்மாதான் சொன்னார். தலைவி ஃபைலை மூடினார்.

"எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இவ்வளவு நல்லா இருந்தா மேல யாரும் நம்ப மாட்டாங்க. அதனால பத்துப் பேரோட விண்ணப்பமும் அசல் டிகிரி சர்டிபிகேட்டும் நாலு மணிக்குள்ள என் கைக்கு வரணும். எந்தப் பட்டமா இருந்தாலும் சரி, பத்து இருக்கணும். பத்தையும் பாத்துட்டுத்தான் கையெழுத்து."

குழு சாப்பிடப் போனது. பேரிடர் சார் மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"விண்ணப்பம் போட்டா நிஜமாவே சேர்ந்ததாத்தான் அர்த்தம். சாயங்கால வகுப்பா வெச்சுக்கலாம்," என்றார். "உங்கள்ல யார்கிட்டயாவது டிகிரி இருக்கா?"

நூலக உதவியாளர் கை தூக்கினார். எதிர்பார்த்ததுதான். அடுத்து எலக்ட்ரீஷியன் கை தூக்கினார். "பி.எஸ்சி. பிசிக்ஸ் சார்."

"பி.காம்., முதல் வகுப்பு," என்றார் கேன்டீன் மாஸ்டர்.

"எம்.ஏ. வரலாறு," என்றார் அலுவலக உதவியாளர்.

"எம்.ஏ.வா? எம்.ஏ. படிச்சுட்டா எனக்கு ஃபைல் தூக்கிட்டு வர்றீங்க?"

"உங்களுக்கு மட்டுமா சார்? எல்லாருக்கும்தான்."

மனைவி பட்டதாரி என்பது அவருக்குத் தெரியும். அவள் ஏற்கெனவே நோட்டின் முதல் பக்கத்தில் பெயரும் வகுப்பும் எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தாள். மாமியார் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் பி.ஏ. கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் முந்தி வாங்கினது. பொண்ணு பாக்க வந்தப்போ ஒரு தடவை எடுத்துக் காட்டினாங்க. அதுக்கப்புறம் யாரும் கேக்கல."

பதினொரு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். பேரிடர் சாருக்கு வெட்கமாக இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் உட்கார்ந்து அதைப் பற்றி வருத்தப்பட்டிருப்பார். இப்போது மணி ஒன்றரை. மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"மூணு பேப்பர் நிக்குது மாமா," என்றான் அவன்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு. உங்ககிட்ட சொல்ல நல்ல நேரம் பாத்துக்கிட்டிருந்தேன்."

இதைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைத்திருக்காது. திட்டுவதற்குக் கூட யாருக்கும் அவகாசமில்லை. ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சான்றிதழ் வாங்கி வர அவனையே பைக்கில் விரட்டினார்கள்.

மூன்றேகாலுக்கு ஒன்பது சான்றிதழ்கள் மேஜையில் இருந்தன. பேரிடர் சார் அவற்றைத் திருப்பித் திருப்பி எண்ணினார். எண்ண எண்ணக் கூடுகிற பொருளா அது? எம்.பி.ஏ.வுக்கு ஓடியவனுக்குப் போன் போட்டார், அணைத்து வைத்திருந்தான். காவலாளியிடம் ஓடினார், அவர் எட்டாவதோடு நிறுத்தியவர். நகல் கடைக்காரரிடம் ஓடினார், டிப்ளமோதான் இருந்தது. ஓடிய ஓட்டத்தில் பதிவாளர் அறைக்குள்ளும் போய்விட்டார்.

"நீங்க சேரலாமே சார்?"

பதிவாளர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்க நீட்டிப்பு ஆணை இன்னும் என் மேஜையிலதான் இருக்கு. கிழிக்க வைக்காதீங்க."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேரிடர் சார் ஒன்பது கோப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்பது வருஷம், ஒன்பது கோப்பு. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

மேலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. கோட்டுக்காரர் தனியாக இறங்கி வந்தார். பேரிடர் சார் பதறி எழுந்தார்.

"ஐயா, கேட்டை அளந்துட்டேன். பதினாலடி. வண்டி திரும்பாது. மதிலை இடிக்கச் சொல்லிப் பரிந்துரை..."

"பத்தும் வந்துருச்சா?"

பொய் சொல்லலாமென்று வாயைத் திறந்தார். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாயில் பொய் தீர்ந்துபோயிருந்தது.

"ஒன்பதுதாங்கய்யா. அதுலயும் உங்களை ஏமாத்திட்டேன். முதல் பெஞ்சு அம்மா என் மாமியார். டீ கேட்டவர் கேன்டீன் மாஸ்டர். இன்னைக்கு வந்ததுல மூணு பேர்தான் நிஜம். மத்தவங்களைத் தலைக்கணக்குக்குக் கொண்டுவந்து உக்கார வெச்சேன். இப்ப எல்லாரும் நிஜமாவே சேரத் தயாரா இருக்காங்க. ஆனா ஒரு ஆள் குறையுது."

கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். தோளை இரண்டு தடவை குலுக்கிச் சுகமாக மூச்சு விட்டார். சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

பி.எஸ்சி. கணிதம். பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி. ஓரத்தில் ஒட்டியிருந்த படத்தில் இதே முகம், நிறைய முடியோடு.

"இது உங்களுது ஆச்சே?"

"ஆமா. வண்டியிலேயே வெச்சிருப்பேன், எங்க எப்ப கேப்பாங்கன்னு தெரியாதில்ல? சாப்பாட்டு நேரத்துல எடுத்துட்டு வந்தேன். சாயங்கால வகுப்புன்னா என்னால வர முடியும். அந்தம்மா சொன்ன பாடம் நல்லா இருந்துச்சு."

பேரிடர் சார் தாளை அவரிடமே திருப்பி நீட்டினார். "நிபுணர் நீங்க, எங்ககிட்ட வந்து படிக்கறதா? ஐயா, குழுவுல இருந்துக்கிட்டு நீங்களே விண்ணப்பம் போட்டா, தலைவி மேடம் எப்படிக் கையெழுத்துப் போடுவாங்க?"

"போட்டுத்தான் ஆகணும் சார். நிபுணர் வரலைன்னதும், குழுவுல மூணு தலைக்கணக்கு வேணும்னு காலையில அவங்க டிரைவரான எனக்கு இந்தக் கோட்டை மாட்டி விட்டதே அவங்கதானே!"