எட்டாவது சால்வை

பிச்சாட்டூர் பக்கம்,
ஆனி மாதம், வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் பழனிக்கு உன் மாமா மாசிலாமணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பொன்னியம்மாளும் உன் மருமகள் அக்ஷயாவும் தெய்வத்தின் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே ஸ்ரீசிட்டியில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். மனசு மட்டும் எனக்குக் கொதித்துக்கொண்டிருக்கிறது, அதற்குக் காரணம் நீ.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்பாய். போன் செய்தால் கம்பெனிக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது என்கிறாய். வாட்ஸ்அப்பில் ஆறு நிமிஷம் பேசி அனுப்பினேன், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினாய். என் வயிற்றெரிச்சலுக்கு ஒரு மஞ்சள் கட்டைவிரலா பதில்? அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி, ஷிப்ட் முடிந்த பிறகு படி, பக்கத்துப் படுக்கைக்காரன் கையில் கொடுக்காமல் படி.

பிச்சாட்டூரிலேயே நல்லபடியாக எட்டாவது வரை படித்த என் பெண்ணை, ஒன்பதாவதுக்குப் புத்தூர் ரோட்டில் புதிதாகத் திறந்திருக்கும் ஸ்ரீ நட்சத்திர கிரணா சயின்ஸ் ஹைஸ்கூலில் சேர்க்கச் சொன்னது யார்? நீ. அதை நடத்தும் ஹரிபாபு உன் கம்பெனியில் உனக்கு சூப்பர்வைசராக இருந்தவர், தங்கமான மனுஷன், சயின்ஸ் என்றால் உயிரையே விடுவார் என்று சொன்னது யார்? நீ. அந்தப் பள்ளிக்கூடம் போன வருஷம் வரை கல்யாண மண்டபமாக இருந்தது என்று சொல்லாமல் விட்டதும் நீயே. மச்சான், ஆசிரியர்கள் ஓய்வறைக் கதவில் இன்னும் 'மணமகள் அறை' என்றுதான் எழுதியிருக்கிறது. சமையல்கட்டுதான் லேபரட்டரி. பந்தி நடந்த கூடம் ஒன்பதாம் வகுப்பு.

அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்களைப் பெற்றோருக்கு அறிமுகம் செய்யும் விழா, 'அத்யாபகுல பரிச்சய காரியக்ரமம்' என்று வாசலில் யானை அகலத்துக்கு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் எட்டு வட்டம். ஏழு வட்டத்தில் ஏழு முகம், கீழே பெயரும் படிப்பும். எட்டாவது வட்டத்தில் முகமே இல்லை, சாம்பல் நிறத்தில் வெறும் தலை, கீழே 'ஜீவசாஸ்திரம்' என்று மட்டும் எழுத்து. உயிரியல் பாடத்துக்கு உயிர் இல்லாத தலை. "இன்னா சார் இது?" என்று ஹரிபாபுவைக் கேட்டால், "ஒஸ்தாரு, ஒஸ்தாரு, இன்னும் ரெண்டு நாள்ல வந்துடுவாங்க" என்று சிரிக்கிறார். அக்ஷயா டாக்டருக்குப் படிக்கணும் என்று ஆறாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். அவளுக்கு வேண்டியதே அந்தத் தலைதான்.

வெறுங்கையோடு போக வேண்டாமே என்று நம் தோப்பிலிருந்து ஒரு மூட்டை பெங்களூரா மாங்காய் கொண்டு போயிருந்தேன். உன் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைப் பேண்டும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. காலை ஏழு மணி பஸ்ஸை விட்டால் வேறு பஸ் இல்லை என்று முதல் ஆளாகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அது இரண்டாவது தப்பு.

விழா தொடங்கியது. திருப்பதியிலிருந்து சிறப்பு விருந்தினர் வந்தார், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரியாம், பதினொரு மணிக்கு இன்னொரு விழாவாம், வந்ததிலிருந்து கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாங்காயை லேபரட்டரியில் வைத்தே கீற்றுக் கீற்றாக அறுத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி அவர் முன்னால் வைத்தார்கள். கணக்கு சார் சுதீர் வந்தார், வணக்கம் சொன்னார், சால்வை வாங்கினார். அவரேதான் பள்ளி பஸ்ஸையும் ஓட்டுகிறார் என்பது பிறகு தெரிந்தது. பிசிக்ஸ் சார் ரமணா ராக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்து, மைக் கட்டாகும் வரை நிறுத்தவில்லை.

அடுத்து கெமிஸ்ட்ரி சார் யஸ்வந்த். மீசை இன்னும் சரியாக முளைக்காத பையன். வெள்ளைக் கோட்டில் கடைச் சீட்டு தொங்குகிறது. ஒரு தட்டில் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, "இப்போ பாருங்க" என்று கொஞ்சம் சுண்ணாம்பு போட்டான். சிவப்பாக மாறியது. காரம், அமிலம் என்று அவன் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், உன் அக்கா எழுந்துவிட்டாள். கல்யாண மண்டபம், தட்டு, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்புத் தண்ணீர், எதிரே மாலையோடு ஒரு பெரிய மனுஷர். அவளுக்கு வேறென்ன தோன்றும்? "ஆலம் எடுக்காம வெச்சிக்கினு இன்னா பேச்சு?" என்று தட்டைப் பிடுங்கி, கூட இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு, விருந்தினரை மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, பரிசோதனையை வாசலில் கொண்டு போய்க் கொட்டிவிட்டாள். கெமிஸ்ட்ரி சார் பின்னாலேயே ஓடினான். "அம்மா, அது எக்ஸ்பெரிமெண்ட்டு, அம்மா!" "கண்ணு பட்டுடும்பா, நீ போ!" இதற்கு நான் உன் அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்தில் பள்ளிக்கூடம் வைத்தால் கல்யாணம்தான் நடக்கும்.

இப்படியே ஏழு சால்வை போர்த்தியாகிவிட்டது. தட்டில் ஒன்று மிச்சம். பிளக்ஸில் எத்தனை வட்டமோ அத்தனை சால்வை வாங்கியிருக்கிறார்கள். மடிப்புக் கலைத்துத் தட்டில் வைத்த சால்வையைப் போர்த்தாமல் திருப்பினால் ஆகாது என்று ஹரிபாபுவின் அம்மா முன்வரிசையிலிருந்து கையைக் காட்டிக்கொண்டே இருக்கிறார். விருந்தினரோ "இன்கொக்கரு எவரு?" என்று அந்த இன்னொருத்தரைக் கேட்கிறார். ஹரிபாபு கூட்டத்தை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். "மாசிலாமணிகாரு, ஒக்க நிமிஷம் ரண்டி" என்று மேடைக்குக் கூப்பிட்டார்.

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், மாங்காய்க்காகத்தான் சால்வை என்று நினைத்தேன். ஒரு மூட்டைக்கு ஒரு சால்வை, நியாயம்தானே என்று போய் நின்றேன். போர்த்தினார்கள். கை தட்டினார்கள். பிறகு ஹரிபாபு மைக்கைப் பிடித்து, "மன ஜீவசாஸ்திரம் மாஸ்டாரு, முப்பது வருஷம் பீல்டு எக்ஸ்பீரியன்ஸ்!" என்றார். நம்முடைய உயிரியல் வாத்தியாராம், நான்! பீல்டு என்றால் நம் தோப்பு. ஒரு விவசாயியை நிற்க வைத்து வாத்தியார் ஆக்குகிறாயே, நீயெல்லாம் மனுஷனா என்று கேட்பதற்காக மைக்கைக் கையில் வாங்கினேன். அந்த நிமிஷம் பார்த்து விருந்தினர் "அய்யய்யோ!" என்று கத்தினார்.

அவர் தட்டில் கிடந்த கீற்றுக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வண்டு எழுந்து, உப்பைத் தாண்டி, நிதானமாக மேஜைமேல் நடந்துபோகிறது. கூட்டமே எழுந்து பார்க்கிறது. "நல்லதாச்சு, ஜீவசாஸ்திரம் மாஸ்டாரே இருக்காரு. சொல்லுங்க சார், காய்ல ஓட்டையே இல்லியே, இது எப்படி உள்ள போச்சு?" என்று விருந்தினர் என்னைக் கேட்டார்.

நீயே சொல், நான் என்ன செய்வேன்? நான் வாத்தியார் இல்லை, விவசாயி என்று சொன்னால், அடுத்த கேள்வி இந்த மாங்காய் யாருடையது என்பதாகத்தான் இருக்கும். மூட்டையில் நூற்றில் ஒன்று அப்படி இருக்கத்தான் செய்யும். அந்த ஒன்று அவர் தட்டுக்குத்தான் போகணுமா? என் தோப்பின் மானத்துக்காக, வேறு எதற்காகவும் இல்லை, வாத்தியாராகவே நின்று பதில் சொன்னேன். பிஞ்சு சின்னதாக இருக்கும்போதே வண்டு வந்து மேல்தோலில் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும், புழு பொரித்துக் கொட்டைக்குள் போய்விடும், காய் பெருக்கப் பெருக்க அந்தத் தழும்பு மூடிக்கொள்ளும், அதனால்தான் வெளியே ஓட்டை தெரியாது, தோப்பில் விழுந்த காயையும் கொட்டையையும் பொறுக்கி அழித்தால்தான் அடுத்த வருஷம் குறையும் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே போனேன். இருபது நிமிஷம் ஆகிவிட்டதாம். கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்த விருந்தினர் கடிகாரத்தை மறந்துவிட்டார். பிசிக்ஸ் சாருக்குத் தட்டியதைவிட எனக்கு அதிகம் கை தட்டினார்கள் என்பதை ஒரு தகவலுக்காக மட்டும் சொல்கிறேன், பெருமைக்கு இல்லை.

விழா முடிந்ததும் ஹரிபாபுவை மணமகள் அறையில் பிடித்தேன். "இது மோசடி இல்லியா சார்?" என்றேன். "மாஸ்டாரு, புது டீச்சர் வர்ற வரைக்கும் டெய்லி மூணாவது பீரியட்டு மட்டும் நீங்க பார்த்துக்குங்க" என்கிறார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லத் திங்கட்கிழமை போனேன். அவர் திருப்பதிக்குப் போயிருந்தார். ஒன்பதாம் வகுப்பு வாசலைத் தாண்டினால் பிள்ளைகள் மொத்தமாக எழுந்து "குட் மார்னிங் சார்" என்று நிற்கிறார்கள். உட்காருங்கள் என்று சொல்லாமல் எப்படிப் போவது? சொன்னேன். உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிள்ளைகளிடம் ஏதாவது பேசத்தானே வேண்டும்? மணி அடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமையும் மறுக்கத்தான் போனேன். நேற்றும் மறுக்கத்தான் போனேன்.

மூன்று நாளும் அக்ஷயா இரண்டாவது பெஞ்சில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாளே வீட்டுக்கு வந்ததும், "நைனா, நீ சொல்றது எல்லாம் சரி. ஆனா புக்குல இருக்கற பேரு ஒண்ணுகூட உனுக்குத் தெரியலியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் மச்சான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்குத் தெரியும், உன் அக்காவுக்கும் தெரியும், ஊரில் வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டுப் புத்தூர் ஜூனியர் காலேஜில் தெலுங்கில் போய் விழுந்தவன் நான். தாவரவியலில் இரண்டு தடவை பெயில். பூவைக் கையில் கொடுத்திருந்தால் ஒவ்வொரு பாகத்தையும் பிரித்துக் காட்டியிருப்பேன், தாளில் கேட்ட பெயர்கள்தான் எனக்குப் புரியவில்லை. அதோடு காலேஜை விட்டுத் தோப்புக்கு வந்துவிட்டேன். என் பெண்ணுக்காவது பெயர் தெரிந்த ஒரு வாத்தியார் வேண்டும் என்றுதான் உன் பேச்சைக் கேட்டு இங்கே சேர்த்தேன். கடைசியில் யாரை வாத்தியாராகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் பார்! என்னை! இதைவிட அநியாயம் உண்டா?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். பிச்சாட்டூர் ஹெட்மாஸ்டர் மாதக் கடைசி வரை அக்ஷயாவுக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு வா. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வா. இரண்டு பேருமாகப் போய் ஹரிபாபுவை நாலு கேள்வி கேட்டு, டி.சி. வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். சேர்த்துவிட்டவன் நீ, பிரித்துவிட வேண்டியவனும் நீதான்.

உன் அக்கா உன்னை நேரத்துக்குத் துன்னச் சொன்னாள், கேன்டீன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்றாள். கூட இருக்கும் பிள்ளைகளுக்கு என் விசாரிப்பைச் சொல். சீக்கிரம் உனக்கு ஒரு ஆண் வாரிசு, இல்லை பெண் வாரிசு பிறந்து, அதை என்னைக் கேட்காமல் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்க்காமல், நூறு வயது வாழ வாழ்த்தும்,

உன் மாமா,
மாசிலாமணி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ஹரிபாபு போன் செய்தார். ஏர்பேட்டிலிருந்து ஸ்வர்ணலதா என்று ஒரு டீச்சர், எம்.எஸ்ஸி., தங்கப் பதக்கமாம், திங்கட்கிழமை வந்து சேருகிறாராம். பிளக்ஸில் முகம்கூட ஒட்டிவிட்டார்களாம். "இனிமேல் நீங்க சிரமப்பட வேண்டாம் மாஸ்டாரு" என்கிறார். என்ன திமிர் பார் மச்சான்! பெரிய மனுஷர் முன்னால் சால்வை போர்த்தி அறிமுகம் செய்த வாத்தியாரை நாலே நாளில் வேண்டாம் என்பதா? அப்போ திங்கட்கிழமைப் பாடத்துக்கு நான் பறித்து, உன் கல்யாண ஆல்பத்துக்குள் வைத்துப் பாடம் செய்திருக்கும் நாற்பத்திரண்டு இலைகளுக்கு என்ன பதில்? மூன்று ராத்திரியாக அக்ஷயாவை வாசிக்கச் சொல்லிப் பதினான்கு பெயர் மனப்பாடம் செய்திருக்கிறேனே, அதை யாரிடம் போய்ச் சொல்வது?

டி.சி. வேண்டாம். தங்கப் பதக்கம் வாங்கிய டீச்சரை விட்டுவிட்டு யாராவது பெண்ணை வேறு பள்ளிக்கு அனுப்புவார்களா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ அவசியம் வா, சண்டை சண்டைதான். விஷயம் கேள்விப்பட்டு அக்ஷயா என்ன சொன்னாள் தெரியுமா? "அந்த மிஸ் வந்தா நீயும் கடைசி பெஞ்ச்ல வந்து குந்திக்கினு கேளேன் நைனா, பேரு எல்லாம் தெரிஞ்சிடும்." சின்னப் பெண், வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். இருந்தாலும் சண்டை முடிந்த பிறகு, நான் சொன்னதாக இல்லாமல், நீயாகவே கேட்பதுபோல ஹரிபாபுவிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. மூன்றாவது பீரியட் மட்டும் போதும். ஜன்னல் ஓரமாக இருந்தால் நல்லது.

புது டீச்சருக்குப் போர்த்தணும் என்று சால்வையைத் திருப்பிக் கேட்டால் மட்டும் டி.சி. வாங்கிவிடுவோம்.