மாப்பிள்ளை சொன்ன ‘சிச்சி’

மாமனார் குனிந்து போர்வையை இழுத்துவிட்ட நேரம் பார்த்துத்தான், மாப்பிள்ளை கண்ணை மூடியபடியே புன்னகைத்து, “சிச்சி...” என்றான்.

போர்வையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

கல்யாணத்துக்கு அப்புறம் இன்றுதான் முதல்முறையாக, மாமியாரோடு, இந்த வீட்டு வாசலை மிதித்திருக்கிறார் மனிதர். நிலம் அளக்கும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆளையும் ஒரே பார்வையில் அளந்து வேலி போட்டுவிடுவார். “லிஃப்டு ரிப்பேர் பண்றதெல்லாம் ஒரு வேலையா? ஊரையே மேல ஏத்திவிட்டுட்டு, தான் கீழயே நிப்பான்” என்று கல்யாண மண்டபத்திலேயே சொன்னவர். அன்றிலிருந்து மாப்பிள்ளை அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. மனைவியிடம் பேசும்போதுகூட “உங்கப்பா”தான்.

காலையில் அவள் கெஞ்சினாள். “இன்னிக்கு ஒரே ஒரு தடவை வாய் நிறைய மாமான்னு கூப்பிடுங்க. அவரே இறங்கி வந்திருக்கார். இதுவும் கெட்டுப்போச்சுன்னா இனிமே வரவே மாட்டார்.”

கூப்பிடத்தான் நினைத்தான். வார்த்தை தொண்டை வரை வந்து, பாதி மாடியில் நின்ற லிஃப்டு மாதிரி மாட்டிக்கொண்டது. சாப்பாடு முடிந்து, வெளியே தூறல் போட, இயர்போனை மாட்டிக்கொண்டு சோபாவில் சாய்ந்தவன் அப்படியே கண் அசந்துவிட்டான்.

காதில் ஓடியது ஜப்பானியப் பாடம். அது அவனுடைய ரகசியம். ஏதோ ஒரு லிஃப்டின் பெட்டிக்குள் புரியாத எழுத்து ஒன்றைப் பார்த்து, அதற்கு அர்த்தம் தேடி இன்டர்நெட்டுக்குள் தலையை விட்டான். எழுத்து அவனை வார்த்தையிடம் ஒப்படைத்தது. வார்த்தை ஒரு வெப்சைட்டில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து கோட்டைகள், ராஜாக்கள், பழங்காலத்து ஊர்ப் படங்கள். என்றோ இருந்த ஓர் ஊரின் வரைபடத்தை விரலால் பெரிதாக்கி, அதன் சந்துகளில் அலைவதில் அவனுக்கு அப்படியொரு சுகம். இரண்டு மாடிகளுக்கு நடுவே இருட்டில் தொங்கிக்கொண்டு நட்டு முடுக்கும்போதும் மனசு அந்த ஊரில்தான் இருக்கும்.

இப்போதும் அங்கேதான் இருந்தான். மரப்பாலம். கீழே ஆறு சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. மறுமுனையில் பனிக்குள் மாமனார் அளவுச் சங்கிலியோடு நின்றார். பாடம் நடத்தும் பெண்குரல், இவர் யார் என்று கேட்டது. விடை அவனுக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷமாகச் சொன்னான்.

கண் விழித்தபோது மாமனார் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

“கிளம்பு” என்றார் மாமியாரிடம். “போனாப் போகுதுன்னு போத்திவிடப் போனா, மூஞ்சியப் பாத்து சீச்சீங்கறார் மாப்பிள்ளை. இதுக்குமேல என்ன மரியாதை வேணும்?”

மாமியார் வாயைத் திறக்கவில்லை. பேச்சு அவருக்கு, மௌனம் இவருக்கு என்று அந்த வீட்டில் எப்போதோ பாகம் பிரித்துவிட்டார்கள்.

“அப்பாவை என்னங்க சொன்னீங்க?” மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவனுக்குப் பாதி உடம்பு இன்னும் பாலத்திலேயே இருந்தது. “ஐயோ, திட்டு இல்ல. ஜப்பான் பாஷை படிக்கிறேன். சிச்சின்னா அப்பான்னு அர்த்தம்!”

“ஓஹோ. அப்ப அம்மாவுக்கு என்ன, தூத்தூவா?” என்றார் மாமனார்.

“இல்ல. ஹஹா.”

“பாரு, சிரிக்கிறார்!”

“சிரிக்கலீங்க. அம்மான்னா ஹஹாதான்!” பதற்றத்தில் மாமியாரையே கையால் காட்டி, “ஹஹா! ஹஹா!” என்றான்.

“என் பொண்டாட்டியக் கை காட்டி வேற சிரிக்கிறார்!”

மனைவி குறுக்கே வந்தாள். “எனக்குத் தெரியாம எப்ப படிச்சீங்க? எங்க, என்னைக் கூப்பிடுங்க பாப்போம்.”

‘நீ’ என்பதற்கு அவன் மனசுக்குள் ஆசையாக எடுத்துவைத்திருந்த வார்த்தை ஒன்று இருந்தது. குழைந்து சொன்னான். “அனதா.”

“அநாதையா? எங்கப்பா குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்பவேவா?”

“இருங்க, இருங்க, கேட்டா நம்புவீங்க” என்று இயர்போனைப் பிடுங்கிவிட்டு செல்போனை அழுத்தினான். வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வேறு ஏதோ பாடத்திலிருந்து அந்தப் பெண்குரல் ஹால் முழுக்கக் கணீரென்று ஒலித்தது: “யமா!”

“மலைன்னு அர்த்தம்!” என்று அலறினான்.

“எனக்கு யமனையே கூப்பிட்டாச்சு” என்று செருப்பை மாட்டினார் மாமனார்.

வாசலில் தூறல் வலுத்திருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்தில் அவர் முதுகு கொஞ்சம் கூனித் தெரிந்தது. இந்த மனுஷன் போர்வையோடு வந்தாரே, தான் விழித்திருக்கக் கூடாதா என்று மாப்பிள்ளைக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

“சத்தியமா அப்பான்னுதாங்க சொன்னேன்” என்றான்.

“முழிச்சிருக்கறப்ப மாமான்னு ஒரு வார்த்தை வரல. தூக்கத்துல அப்பான்னு சொன்னாராம். கேக்கறவன் கேனையன்னா...”

மாமியார் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

“மாப்பிள்ளை சொன்னது தப்புதான்” என்றார்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“அடுத்தவங்க அப்பாவைச் சொல்ல அந்தப் பாஷையில வேற வார்த்தை இருக்கு, சிச்சின்னு தன் சொந்த அப்பாவை மட்டும்தான் சொல்லணும். அது மூணாம் பாடத்துலயே வருதே மாப்பிள்ளை, நீங்க இன்னும் அங்க வரலையா?”