தள்ளுவண்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

படித்தவர்கள் முட்டாள்தனம் செய்தால் அதையும் முறைப்படி செய்வார்கள். நான் எம்.எஸ்சி. படித்தவள்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை. பிரசவமான தாய்மார்கள் சம்மதித்துக் கொடுக்கும் தொப்புள்கொடியிலிருந்து ஸ்ட்ரோமல் என்னும் ஒருவகைச் செல்களைப் பிரித்து, வளர்த்து, உறைய வைத்து அனுப்புவோம். தேய்ந்த மூட்டுக்கு அவை உதவுமா என்று மருத்துவமனைகளில் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். (எங்கள் அம்மாவின் முட்டியும் அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது.)

புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு தொகுதி செல்லைத் தனியாக, தூசு தும்பு படாமல் வளர்த்துக் காட்ட வேண்டும். தேறினால்தான் நோயாளிக்குப் போகும் செல்லைத் தொடலாம், வேலையும் நிரந்தரம். நானும் மூன்று வாரம் கண்ணும் கருத்துமாக வளர்த்தேன். கடைசி நாள் ஆயுதபூஜையாக அமைந்துவிட்டது. செல்லுக்கு ஏது லீவு? ஆய்வகத்துக்குள் நான் மட்டும்.

எங்கள் ஊர் பெருமுக்கல்லில் அப்பா, டிராக்டருக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்காமல் சாவியைத் தொடமாட்டார். இங்கே இத்தனை உயிரை வளர்க்கும் இன்குபேட்டர் வெறும் நெற்றியோடு நிற்கிறது! எனக்கு மனசு கேட்கவில்லை.

சந்தனம், குங்குமம், மூன்று எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவர் மீது மூன்று முறை ஸ்பிரிட் அடித்தேன். (வெளியேதான் அடித்தேன். உள்ளே இருப்பதை யார் சுத்தம் செய்வது என்று எம்.எஸ்சி.க்குத் தோன்றவில்லை.) தலை முதல் கால் வரை மூடிய கவுனுக்குள் அதை ஒளித்துக்கொண்டு போய், இன்குபேட்டருக்கு மூன்று பொட்டு வைத்தேன். செல் குடுவைகள் ஏற்றியிருந்த தள்ளுவண்டியின் சக்கரத்தடியில் ஒரு பழத்தை வைத்து, பக்தியோடு தள்ளினேன்.

சாறு சுவர் வரை தெறித்தது. காற்றில் தூசி எண்ணும் கருவி அலறியது.

தர மேலாளர் ஸ்டெல்லா மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓடி வந்து, மைக்கில் கேட்டார்: "என்னம்மா ஆச்சு?"

அவர் நின்ற இடத்திலிருந்து பழமும் தெரியாது, பொட்டும் தெரியாது. கருவி ரிப்பேர் என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்தும் விட்டது. இன்றைக்கு இதை மறைத்தால், நாளை யாரோ ஒருவரின் முட்டிக்குள் போகும் செல்லிலும் மறைப்பேன் என்று பயம் வந்தது.

"மேடம்… எலுமிச்சம்பழம் நசுக்கிட்டேன்."

"எத்தனை?"

"மூணு கொண்டாந்தேன். ஒண்ணுதான் நசுங்கிச்சி."

"மீதி ரெண்டு?"

"ஒண்ணு இன்குபேட்டர் மேல. ஒண்ணு கவுனுக்குள்ள."

"வேற?"

"கற்பூரம் இருக்குது மேடம். ஏத்தல."

"அந்த மட்டும் புத்தி இருந்துதே!"

மூன்று வார உழைப்பை என் கையாலேயே மஞ்சள் குப்பைப் பைக்குள் போட்டேன். அழுதேன். முகக்கவசத்துக்குள் அழுதால் மூக்கைக்கூடத் துடைக்க முடியாது. வேலை போச்சு என்றே நினைத்தேன். அறையைக் கழுவி முடித்ததும் மேடம் ஓர் அறிக்கைத் தாளை நீட்டினார்.

"காரணம்னு இருக்குற எடத்துல எலுமிச்சம்பழம்னே எழுது. ஒளிக்காம சொன்ன பாரு, அதுக்காக இன்னொரு தடவை வளக்கலாம். போய்ச் சாப்பிடு."

இரண்டாவது முறை தேறினேன். சில மாதங்களில் நான் வளர்த்த செல்கள் முதல் முறையாக ஒரு நோயாளிக்குப் போயின. பெட்டி ஏறிய வேன் கண்ணுக்கு மறையும்வரை வாசலில் நின்றேன், அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் ஆய்வகக் கதவில், உள்ளே கொண்டுவரக் கூடாதவை என்று ஒரு பலகை உண்டு: கடிகாரம், வளையல், செல்போன், எலுமிச்சம்பழம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் எல்லாரும் கடைசி வரியில் நின்று காரணம் கேட்கிறார்கள். மேடம் என்னைக் கைகாட்டுகிறார்.

அப்பா மட்டும் என்ன லேசா? ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் டிராக்டர் முன்னால் பழத்தோடு நின்றுகொண்டு, ஊரே கேட்கக் கத்துவார்: "வச்சிடட்டுமாம்மா? உங்க மேடத்த ஒரு வார்த்த கேட்டுக்க!"