பாடம் கேட்க வந்த புலி

ஒரு காட்டில், டவர் கிடைக்கும் ஒரே மேட்டில், ஒரு தொடக்கப்பள்ளி இருந்தது. முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். அவர்களுக்கு ஒரே டீச்சர், காந்திமதி என்ற புள்ளிமான். நல்ல டீச்சர்தான். ஆனால் கரும்பலகையில் ‘புலி’ என்று எழுதும்போதே கை உதறும். அதனால் அந்தப் பாடத்தை மட்டும் வருஷாவருஷம், “வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்” என்று தள்ளிவிடுவாள்.

அந்த வருஷம் காட்டுக் கல்வி அதிகாரி அருமைநாயகம் ஆசிரியர்களைப் பயிற்சிக்குக் கூப்பிட்டார். அவர் ஓர் இருவாச்சிப் பறவை. பேசும்போது அலகு முதலில் வரும், விஷயம் மெதுவாகப் பின்னால் வரும். ஆளுக்கொரு தடித்த கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

“இது ஏ.ஆர். கண்ணாடி. இதை மாட்டினால் வகுப்பறை வகுப்பறையாகவே இருக்கும், அதற்குள் இல்லாததெல்லாம் தெரியும். இனிமேல் புலியைப் பற்றி நடத்தப் புலியிடம் போக வேண்டாம்.”

இதுவரை யாரும் போனதில்லை. இருந்தாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

காந்திமதி கண்ணாடியை மாட்டினாள். பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு புலி நின்று கொட்டாவி விட்டது. ஜன்னல் வழியாகப் பாய்ந்தவள் ஓடைக்கரையில் போய்த்தான் நின்றாள்.

“என்ன டீச்சர் இது! வெறும் படம். குச்சியால் குத்திப் பாருங்க, காத்துல போற மாதிரி போகும்” என்று அதிகாரி அழைத்து வந்தார். மறுபடி பாய்ந்தாள். மறுபடி அழைத்து வந்தார். பயிற்சி முடிவதற்குள், புலியின் வாய்க்குள் குச்சியை விட்டு, “இது கோரைப்பல், இது கடைவாய்ப்பல்” என்று சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள். வீடு திரும்பும்போது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

பள்ளிக்கு வந்த கண்ணாடிகள் இரண்டு. ஒன்று டீச்சருக்கு, மற்றது பிள்ளைகள் பிடுங்கிக்கொள்வதற்கு.

ஒருநாள் காலை புலிப் பாடம் தொடங்கியது. மாசானம் என்ற நிஜப்புலி, பசியோடு அந்தப் பக்கம் வந்தது, பிள்ளைகளின் சத்தம் கேட்டு வாசலில் தலையை நீட்டியது. எங்கே தலையை நீட்டினாலும் அலறல் கேட்டே பழகிய புலி அது. இங்கே பிள்ளைகள், கண்ணாடிப் புலிதான் வந்துவிட்டதென்று கைதட்டினார்கள்.

“வந்தாச்சா? உள்ளே வா” என்றாள் காந்திமதி. புலி குழம்பிப்போய் உள்ளே வந்து வாயைத் திறந்தது. அவள் குச்சியை நீட்டினாள். “பிள்ளைகளே, இதுதான் கோரைப்…”

டொக்.

குச்சி பல்லில் இடித்தது.

“டீச்சர், கண்ணாடி போடாமலேயே தெரியுது!” என்று கத்தினாள் முயல்குட்டி இசக்கியம்மா.

காந்திமதி மெல்லத் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கரும்பலகையில் எழுதுவதற்காக மேலே தூக்கிவிட்ட கண்ணாடி அங்கேயே இருந்தது.

ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தது. பாய்ந்தால் அவள் பிழைப்பாள். முன் பெஞ்சில் இருந்தவை எல்லாம் நேற்றுவரை மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த குட்டிகள். அவள், அதிகாரி பார்வையிட வரும் நாளில் மட்டும் எடுக்கும் குரலை எடுத்தாள்.

“யாரது நின்னுக்கிட்டு? உட்காரு!”

புலி உட்கார்ந்தது. “நான் இங்க வந்தது என்னன்னா…”

“கையைத் தூக்கிட்டுப் பேசு!”

புலி கையைத் தூக்கியது.

“எழுந்து உன் வாழிடத்தைப் பத்திச் சொல்லு.”

“காடு.”

“முழு வாக்கியமா.”

புலி யோசித்தது. அதற்கு வியர்த்தது. “காடு… காட்டில்… காட்டினுடைய…”

பிள்ளைகள் சிரித்தார்கள். “இதுக்கு ஒண்ணுமே தெரியல டீச்சர். கண்ணாடிப் புலி எவ்வளவு அழகா சுத்திச் சுத்திக் காட்டும்! இது வாடை வேற அடிக்குது” என்றாள் இசக்கியம்மா.

“சரி, உணவுச் சங்கிலியைப் படமா வரைஞ்சு பாகங்களைக் குறி. அதுக்கப்புறம் கோடிட்ட இடம் நிரப்பணும். அதுக்கப்புறம் பொருத்துக.”

பசி இருந்த இடத்தில் புலிக்குப் பரீட்சை பயம் வந்து உட்கார்ந்தது. பிறகு ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு எழுந்தது.

“டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்.”

“போயிட்டு சீக்கிரம் வா.”

புலி வாசல் வரை பதவிசாக நடந்தது. வாசலைத் தாண்டியதும் ஓடியது. ஓடையையும் அடுத்த மலையையும் தாண்டியும் நிற்கவில்லை. காந்திமதி நாற்காலியில் சரிந்தாள். பிள்ளைகள் வந்து விசிறினார்கள்.

விஷயம் கேட்டு அருமைநாயகம் பறந்து வந்தார்.

“சார், நிஜப்புலி வந்துச்சு சார்!”

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “பார்த்தீங்களா? அவ்வளவு தத்ரூபம்!”

“இல்ல சார். கண்ணாடியை நான் போடவே இல்ல. நெத்தியில இருந்துச்சு.”

“நெத்தியில் இருந்தாலே வேலை செய்யுதா!” என்று அவர் சிலிர்த்துப்போனார்.

மறுவாரமே சுற்றறிக்கை வந்தது. இன்றும் அந்தக் காட்டில் எல்லா ஆசிரியர்களும் கண்ணாடியை நெற்றியில்தான் மாட்டுகிறார்கள். அதன்பின் ஒரு புலியும் வரவில்லை என்பதால், அதிகாரிக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

நீதி: கொடியவரைக் கண்டால் ஓடாதீர்கள், பாடம் நடத்துங்கள். அவர்களே ஓடிவிடுவார்கள். பாராட்டு மட்டும் கருவிக்குப் போய்ச் சேரும், அதைத் தடுக்க இதுவரை எந்தப் பயிற்சியும் இல்லை.