சிஞ்சுவின் கையில் இருக்கும் கோல் விஷயமாக

ஆனைக்கரை,
வியாழக்கிழமை.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மூத்த சகோதரி பிலோமி அக்கா அவர்களுக்குத் தம்பி சுவக்கீன் தாழ்மையுடன் எழுதுவது.

மாதாவின் தயவால் இங்கே நானும் டின்சியும் நிமியும் இரண்டு ஆடுகளும் நல்ல சுகம். வாளையாரில் நீயும் அத்தானும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு ஜின்சன் குடும்பமும் சுகமாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் எங்கள் வீட்டுக்கும் ஜின்சன் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். இங்கே நான் தும்மினால் அங்கிருந்து அவன் "ஆவி புடி மாப்ளே" என்பான். அப்படிப்பட்டவனைப் பற்றி அவன் காதுபட எப்படிப் பேசுவது? அதனால் ஏலக்காட்டுக்குள் ஒரு கல்லில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கல்லைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு மோகனசுந்தரம் என்று ஒரு டிரில் சார் மாற்றலாகி வந்தார். உங்கள் வாளையாருக்குக் கிட்டே இருக்கிற சித்தூர்ப் பக்கத்துக்காரர், கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிறவர், நல்ல மனுஷன்தான், ஆனால் போனில் பட்டாளத்து பேண்டு வீடியோ பார்க்கும் பழக்கம் உண்டு. வந்த வாரமே நம் பள்ளிக்கும் அதுபோல் ஒரு பேண்டு வேண்டும் என்று முப்பது பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார். நிமிக்கு டிரம் கிடைத்தது. எல்லோருக்கும் முன்னால், தலையில் குஞ்சம் வைத்த தொப்பியோடு, வெள்ளியாக மின்னும் கோலைச் சுழற்றிக்கொண்டு போகிற லீடர் வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஜின்சன் மகள் சிஞ்சுவுக்கு. அக்கா, நிமி அவளைவிட இரண்டு விரல் உயரம். நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிறவன் இல்லை, இரண்டு பேரையும் லயத்துச் சுவரோரம் நிறுத்திக் கரியால் கோடு போட்டே பார்த்துவிட்டேன். அந்தக் கோட்டைப் பார்த்து டின்சி, "ஏங்க, நம்ம புள்ள நல்லா வளந்திருக்காங்க" என்று சந்தோஷப்பட்டாளே தவிர, நடந்த அநியாயம் அவளுக்குப் புரியவில்லை. நிமியும் சிரித்துக்கொண்டு நின்றாள். இந்த வீட்டில் பொறாமைப்பட நான் ஒருவன்தான் இருக்கிறேன். மூன்று பேர் பங்கையும் சேர்த்துப் பட வேண்டியிருக்கிறது.

ஆகஸ்டு பதினைந்தாம் தேதி முதல் அணிவகுப்பு. பிள்ளைகள் இரண்டு வரிசையாகப் பிரிந்து, கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே புகுந்து, கடைசியில் கொடிமரத்தைச் சுற்றித் தாமரைப்பூவாக மலர வேண்டும் என்பது சாரின் திட்டம். ஆகஸ்டில் இங்கே மஞ்சு மூட்டம் எப்படி இறங்கும் என்று உனக்குத் தெரியும், சித்தூர்க்காரருக்குத் தெரியாது. சரியாகக் குறுக்கே புகுகிற நேரத்தில் இறங்கியது பார், கம்பளியை இழுத்து மூடின மாதிரி, பக்கத்தில் நின்ற ஆளின் மூக்கு தெரியவில்லை. கொட்டுச் சத்தம் மட்டும் கேட்கிறது. நிமி இருந்த பாதிக் கூட்டம் கொடிமரத்தையே ஒன்பது சுற்றுச் சுற்றியது. சிஞ்சுவோடு போன பாதி நேராகக் கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. அங்கே குழி விழுந்த ரோட்டைச் செப்பனிடச் சொல்லி ஊர்க்காரர்கள் ஜாதா என்று ஓர் ஊர்வலம் நடத்திக்கொண்டு வந்தார்கள். முன்னால் பேண்டு வந்ததும் தங்கள் ஜாதாக் கமிட்டிதான் ஏற்பாடு செய்திருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டு பின்னாலேயே கோஷம் போட்டு நடந்தார்கள். பின்னால் இத்தனை கால் சத்தம் கேட்கவும், தன் பேண்டு முழுவதும் வருகிறது என்று சிஞ்சு நினைத்துக்கொண்டாள். பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் மஞ்சு விலகியபோதுதான் திரும்பிப் பார்த்திருக்கிறாள். முன்னூறு பேர், அதில் பேண்டுப் பிள்ளைகள் பதினைந்தே பேர்.

சரி, இதோடு அவள் கதை முடிந்தது என்று நான் நிம்மதியாகச் சோறு தின்றேன். பொய் சொல்ல மாட்டேன், அக்கா, அன்றைக்கு இரண்டாவது தடவையும் குழம்பு ஊற்றிக்கொண்டேன். பதினேழாம் தேதி பேப்பரைப் பார்த்தால் முன்பக்கத்தில் சிஞ்சு! கோலை உயர்த்திப் பிடித்தபடி, பின்னால் ஜனக்கூட்டம். அந்த மாதக் கடைசிக்குள் ரோட்டில் தாரும் விழுந்துவிட்டது. டீக்கடையில் இப்போது அதற்கு "சிஞ்சு ரோடு" என்று பெயர். கொடிமரத்தை ஒன்பது தடவை, ஒரு அடி பிசகாமல் சுற்றிய என் மகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஜின்சன் அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினான். ஆணி எங்கள் பக்கம் அரை அங்குலம் வெளியே வந்து நிற்கிறது. நான் அதில் சட்டை மாட்டுவதில்லை.

இனி எழுதப்போவதை நீ அத்தானிடம்கூடச் சொல்லாதே. போன வாரம் உபஜில்லாப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற விளையாட்டு மேளா. அதன் தொடக்கத்துக்கு நம் பேண்டைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தத் தடவை சாருக்கு இன்னும் பெரிய ஆசை வந்துவிட்டது. லீடர் கோலை ஆகாயத்தில் எறிந்து, ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பப் பிடிக்க வேண்டுமாம். நான் பெற்றோர் கமிட்டியில் இருக்கிறேன் அல்லவா, கோலுக்கு மெருகேற்றித் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். நன்றாகத் தேய்க்க வேண்டுமானால் உச்சியில் இருக்கிற பித்தளைக் குண்டைக் கழற்ற வேண்டும். கழற்றினேன். திரும்ப மாட்டும்போது ஏழெட்டுச் சுற்று முறுக்க வேண்டியதை இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டேன். மறந்து நிறுத்தினேனா, மறக்காமல் நிறுத்தினேனா என்று கேட்காதே. குண்டு லேசாக ஆடினால் அவள் கொஞ்சம் தடுமாறுவாள், அடுத்த தடவை வேறு பிள்ளையிடம் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன், சத்தியமாக.

மேளா அன்றைக்கு ஜின்சன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எனக்குப் பருப்புவடையும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் டீயைக் குடிக்காமலே வைத்திருந்தான். "மாப்ளே, புள்ள கோலப் புடிக்காம விட்டுட்டான்னா பயலுவ சிரிப்பானுவளே. ரெண்டு நாளா அவ தூங்கல தெரியுமா?" என்றான். அக்கா, கடித்த வடையை அப்படியே கீழே வைத்துவிட்டேன். சாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

சிஞ்சு எறிந்தாள். கோல் மேலே போனது. உச்சியில் கோல் வேறு குண்டு வேறாகப் பிரிந்ததைப் பார்த்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'டப்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் சிஞ்சு கையில் தலையில்லாத கோலோடு நிற்கிறாள், நிமியின் டிரம்மில் பெரிய ஓட்டை, குண்டு உள்ளே கிடக்கிறது. டிரம் நின்றதும் பேண்டுக்குத் தாளம் போயிற்று. வலது பக்கம் திரும்ப வேண்டிய ஊதல்காரப் பிள்ளைகள் இடது பக்கம் திரும்பி, நாங்கள் உட்கார்ந்திருந்த பந்தலின் கயிற்றில் கால் இடறி ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள். முந்தின நாள் மழை முழுவதும் தார்ப்பாயில் தேங்கியிருந்தது. கயிறு தளர்ந்ததும் அப்படியே சரிந்து கொட்டியது. யார் தலையில்? என் தலையில். ஜின்சன் அதற்கு ஒரு நொடி முன்னால்தான் மகளைப் பார்க்க எழுந்து ஓடியிருந்தான். அவன் மேல் ஒரு சொட்டு விழவில்லை. அவனுடைய டீகூட நனையவில்லை.

அந்தக் களேபரத்தில் சிஞ்சு மொட்டைக் கோலை நிமிர்த்திப் பிடித்தாள். நிமி ஓட்டை டிரம்மின் விளிம்பில் 'டக் டக்' என்று தட்டிக்கொடுக்க, எழுந்த பிள்ளைகளைச் சேர்த்து மைதானத்தைச் சுற்றி முடித்துவிட்டாள். மனத்தைரியத்துக்கு என்று சிஞ்சுவுக்குத் தனியாக ஒரு கோப்பை கொடுத்தார்கள். நான் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது மோகனசுந்தரம் சார் வந்தார்.

"ஏனுங்க சுவக்கீன், கோலைத் தொடச்சுக் குடுத்தது நீங்கதானுங்களே?"

"ஆமா சார். துணியாலதான் தொடச்சேன்."

"நானாச்சும் ஒருக்கா முறுக்கிப் பாத்திருக்கோணும். என்ற தப்புத்தானுங்க" என்று அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற நிமி என்னையே பார்த்தாள். ஓட்டை டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா, சிஞ்சு தலையில விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்பிய?"

தன் தலையில் விழுந்திருந்தால் என்று கேட்கவில்லை பார். அங்கேயும் சிஞ்சுதான் முதல். அதற்குப் பிறகு இன்றைக்கு ஆறு நாள் ஆகிறது, என்னிடம் அவள் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட அவள் அம்மாவிடம் சொல்லி, அவள் அம்மா என்னிடம் கேட்கிறாள்.

ஜின்சனிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நேற்று அவன் வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "மாப்ளே, ஒம்மவ தெய்வம்ல. குண்டு நேரா சிஞ்சு தலைக்குத்தான் வந்துச்சு. நிமி ஒரே பாய்ச்சலா பாஞ்சு டிரம்மக் குறுக்க நீட்டிட்டா. இல்லன்னா எம்புள்ள..." என்று அழுதுவிட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்திருக்கிறது. என் மகள் செய்த காரியத்தை ஊரே பார்த்தது, நான் மட்டும் பார்க்கவில்லை. அதைச் சொல்லி அழுகிற பாக்கியமும் ஜின்சனுக்குத்தான் கிடைத்தது. நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல், ஆடு கத்துகிறது என்று திரும்பிவிட்டேன்.

ஆகவே அக்கா, என் கோரிக்கை இதுதான். நிமிக்கு அங்கே உன் வீட்டுப் பக்கம் பேண்டு உள்ள பள்ளிக்கூடம் ஒன்று பார். லீடர் இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் விசாரி. அங்கேயாவது உயரத்துக்கு மதிப்பு கொடுப்பார்கள். இந்தக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தங்கள். புனித அந்தோணியார் உங்கள் வீட்டு வாசலை விட்டு நகராமல் காக்கட்டும்.

என்றும் உன் சொல்லைக் கேட்டு நடக்கும்,
தம்பி சுவக்கீன்.

பின்குறிப்பு:

அத்தைக்கு நிமி எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அப்பா இதை அம்மாவிடம் கொடுத்து, அம்மா என்னிடம் கொடுத்தாள். கவர் ஒட்டாமல் இருந்ததால் வாசித்துவிட்டேன். எனக்குப் பள்ளிக்கூடம் எதுவும் பார்க்க வேண்டாம் அத்தை. ஜூன் மாசமே சார் லீடராக நிற்கச் சொன்னது என்னைத்தான். நான்தான் மாட்டேன் என்றேன். லீடருக்கு அடிப்பதற்கு ஒன்றுமே இல்லை, சும்மா நடக்க வேண்டும். எனக்கு டிரம்தான் பிடிக்கும். சிஞ்சு பெயரைச் சொன்னதும் நான்தான். இதை அப்பாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், நானே சொல்வேன். முதலில் அவர் ஜின்சன் மாமாவிடம் சொல்லட்டும்.