பாண் ஓட்டோவின் காதல் பாட்டு

காதலைச் சொல்லத் துணிவில்லாத ஆண்களுக்கு உதவுவதற்கென்றே உலகத்தில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. அத்தனையையும் விட்டுவிட்டு, தெருத்தெருவாய்ப் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோ ஸ்பீக்கரில் போடுகிற மெட்டைப் போய்ப் பிடித்துக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அரசாங்க உத்தியோகம் கிடைத்த புதிது. சிங்களம் பாஸ் பண்ணினால்தான் வேலை நிரந்தரம். அதனால் சனிக்கிழமை பின்னேரங்களில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், ஒரு வாசிகசாலை மண்டபத்தில் எங்களுக்குச் சிங்கள வகுப்பு. படிப்பித்தவர் கந்தளாயிலிருந்து வந்த குமாரி மிஸ். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஆனால் நாங்கள் தமிழில் வாயைத் திறந்தால் போதும், "சிங்களெங் கியன்ன!" என்பார். சிங்களத்தில் சொல்லு என்று அர்த்தம். (என் கனவில் வந்தும் அதைத்தான் சொன்னார்.)

முன்வரிசைக் கதிரையில் வதனி இருந்தாள். மட்டக்களப்புப் பிள்ளை, தபால் கந்தோரில் வேலை, அதே ஒழுங்கையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். பின்னேரங்களில் நிஸாம் நானாவின் பாண் ஓட்டோ மெட்டுப் போட்டுக்கொண்டு வரும்போது வாசலுக்கு வந்து ஒரு கிம்புலா பணிஸ் வாங்குவாள். முதலை மாதிரி நீளமாய், மேலே சீனி தூவியிருக்குமே, அதுதான். நானும் தற்செயலாக அங்கே நின்று ஒரு றாத்தல் பாண் வாங்குவேன். (தற்செயல் தினமும் நடந்தது.)

என் வீடு பட்டணத்துக்கு வெளியே, சல்லிக் கிராமத்தில். அங்கேயும் பாண் ஓட்டோ வரும். போதாததற்கு அம்மா புட்டு அவித்து வைத்திருப்பார். பட்டணத்திலிருந்து சைக்கிளில் பாணைக் கட்டிக்கொண்டு போனால் அம்மாவின் விசாரணைக்குப் பதில் சொல்லி முடியாது. ஆகவே வதனி உள்ளே போனதும் பாண் முழுவதையும் ஒழுங்கை நாய் ஜிம்மிக்குப் போட்டுவிட்டுக் கிளம்புவேன். ஜிம்மி நாளுக்கு நாள் பெருத்தது. என் காதல் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. "இண்டைக்குப் பாண் சூடோ?" என்பேன். "ஓம், சூடுதான்" என்பாள். அத்தனை மாதத்தில் நாங்கள் கதைத்தது அவ்வளவுதான்.

அப்படியிருக்க, அவளுக்குத் தூரத்துப் புல்மோட்டைக்கு வேலை மாற்றம் வந்துவிட்டது. வரும் சனிக்கிழமைதான் அவளுக்குக் கடைசி வகுப்பு. அதற்கென்று மிஸ் கொடுத்த வேலை: ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த காதல் பாட்டொன்றைப் போட்டுக் காட்டி, ஏன் பிடிக்கும் என்று சிங்களத்தில் சொல்லவேண்டும்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் விட்டிருக்கலாம். பாண் ஓட்டோவின் மெட்டைப் போட்டால் மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்காது, அவளுக்கு மட்டும் எல்லாம் விளங்கும் என்று முடிவுகட்டினேன். வெள்ளிக்கிழமை ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று போனில் பதிவும் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை மிஸ், திருவிழாவுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியோடு வந்தார். முதலில் துறைமுகத்தில் வேலைசெய்த சிவநேசன் அண்ணை. பாட்டைப் போட்டார், பாதியில் அழுதார். காரணத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாததால் அது கடைசிவரை எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. பிறகு, காதலர்கள் எல்லோரும் ஏன் மழையில் நனைகிறார்கள், வீட்டில் குடை இல்லையா என்று மிஸ் ஒரு விவாதம் வைத்தார். அடுத்தது நான்.

போனைப் பெட்டியில் பொருத்தி, சத்தத்தைக் கூட்டிவிட்டேன். யன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன.

மெட்டு ஒழுங்கை முழுவதும் போயிற்று. வதனி நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ தெரியத் தொடங்கிய நேரம், வாசலில் ஒரு அம்மா கூடையோடு வந்து நின்றா.

"தம்பி, ரெண்டு றாத்தல் பாண்."

அவவுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். "றோஸ் பாண் இருக்கோ?" "மாலு பணிஸ் முடிஞ்சுதோ?" மிஸ் அவர்களையும் விடவில்லை. "சிங்களெங் கியன்ன!" என்றார். அவர்கள் எங்களைவிட நல்ல சிங்களத்தில் பாண் கேட்டார்கள்.

நான் போனை நிறுத்தத் தடவிக்கொண்டிருந்தபோது நிஸாம் நானா வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். அடுத்த ஒழுங்கையில் நின்றவருக்குத் தன் மெட்டே கேட்டிருக்கிறது.

"யாரு என்ட ஏரியாவுல பாண் விக்கிறது?" என்றவர் என்னைக் கண்டதும் திகைத்துப்போனார். "தம்பி, நீங்களா? இதுக்கா நேத்துப் பக்கத்துல நிண்டு ரெக்கோட் பண்ணினீங்க?"

"இல்லை நானா... இது காதல் பாட்டு."

"யாருக்கு, பாணுக்கா?"

வகுப்பு சிரித்து அடங்குமுன் ஜிம்மி வந்து சேர்ந்தது. நேரே என் முன்னால் குந்தி, வாலை ஆட்டி, என் கையையே பார்த்தது. நானா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் விளங்கிவிட்டது.

"என்ட பாணையா நாய்க்குப் போட்டீங்க?" அவருடைய குரல் உடைந்துபோயிற்று. எனக்குப் பூமி பிளந்து விழுங்கினால் நல்லது போலிருந்தது.

என் கையில் ஒன்றும் இல்லை என்று கண்ட ஜிம்மி எழும்பி நடந்தது. வதனியின் கதிரைக்குப் போய், நெடுநாள் பழக்கத்தோடு முன்னங்கால்களை அவள் மடியில் தூக்கி வைத்தது.

வதனி சிவந்துபோனாள்.

"என்ட கிம்புலா பணிஸும் இதுக்குத்தான் போறது" என்றாள் மெதுவாக.

"சிங்களெங் கியன்ன!" என்றார் மிஸ். இந்தத் தடவை அவர் குரலில் கண்டிப்பு இல்லை.

வதனி எழுந்து நின்று, ஒரு பிழையும் விடாமல் சிங்களத்தில் சொன்னாள்: "எனக்கு இனிப்புப் பிடிக்காது. இந்தப் பாட்டுப் பிடிக்கும்."

என் வாழ்க்கையில் எனக்கு முழுதாக விளங்கிய முதல் சிங்கள வசனங்கள் அவை. அந்தச் சந்தோஷம் இன்றைக்கும் அந்த மெட்டைக் கேட்டால் திரும்பி வருகிறது.

வாய்மொழிப் பரீட்சையில் நான் முதல் தடவை தவறினேன். வதனி புல்மோட்டைக்குப் போனாள், நான் பின்னாலேயே பஸ் ஏறினேன். எங்கள் கலியாணத்துக்கு நிஸாம் நானா ஒரு கூடை கிம்புலா பணிஸோடு வந்தார். "என்ட கண்ணுக்கு முன்னால தின்னுங்க, ரெண்டு பேரும்" என்று நின்றார். எங்கள் கலியாணப் படத்தில் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் வாய் நிறையப் பணிஸ்.

ஜிம்மி இப்போது இல்லை. நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் நானா இருக்கிறார், நாங்கள் மாற்றம் எடுத்துப் பட்டணத்துக்கே திரும்பிவிட்டதால் எங்கள் வீதிக்கும் வருகிறார். பாணைக் கொடுத்துவிட்டுப் போகமாட்டார், ஓட்டோவை நிறுத்திக்கொண்டு அப்படியே இருப்பார். நேற்றுப் பின்னேரமும் மகள் படலையில் நின்று ஊர் கேட்கக் கூப்பிட்டாள்:

"அப்பா, நானா பாத்துக்கொண்டு நிக்கிறார்! கெதியா வந்து பாணைக் கடியுங்கோ!"